ரோஸ் ஏன் திட்டுத் திட்டாச்சு

கொப்பரையிலிருந்து தூக்கிய பட்டு நூல் சிட்டத்தைப் பார்த்ததும் லோகாம்பாள் முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள். புகை மூட்டத்தில் அப்படித் தெரிகிறதோ என்று கொல்லைப்புறம் கொண்டுபோய் வெயிலில் விரித்தாள். வெயிலிலும் அப்படியேதான் இருந்தது. இளம் ரோஸாக வரவேண்டிய நூல் ஓர் இடத்தில் ரோஸ், ஓர் இடத்தில் வெளிறல், ஓர் இடத்தில் பழுத்த இலை மாதிரி ஒரு மஞ்சள்.

இருபது வருஷமாகச் சாயம் போடுகிறவள். புருஷன் இருந்தவரை அவரோடு சேர்ந்து போட்டாள். அவர் போன பிறகு எட்டு வருஷமாகத் தனியாகப் போடுகிறாள். நாலு தெருத் தறிக்காரர்கள் அவளிடம் பட்டு கொண்டுவருவார்கள். அடர்ந்த அரக்கில் தப்பு நடந்தால் மறைத்துவிடலாம். இளம் நிறம் எதையும் மறைக்காது. அதனாலேயே இளம் நிறம் என்றால் கொப்பரையை இரண்டு தடவை தேய்த்துக் கழுவுவாள். இந்தத் தடவையும் கழுவியிருந்தாள். சாயப் பவுடர் அதே டப்பா. பட்டு அதே கட்டு. அடுப்பு அதே அடுப்பு.

தண்ணீர் மட்டும்தான் அன்றைக்கு வேறு.

அது 1970-ம் வருஷம், வைகாசி. பெருமாள் கோயில் கருடசேவைக்கு இன்னும் பதினாறு நாள் இருந்தது. வெளியூர்க் கூட்டம் வந்தால் கூடவே காலராவும் வரும் என்று சுகாதார ஆபீசிலிருந்து ஊர்க் கிணறுகளுக்கெல்லாம் பிளீச்சிங் பவுடர் போட்டுக்கொண்டு வந்தார்கள். லோகாம்பாளின் தெருவுக்கு வந்தவள் லில்லி. இருபத்தாறு வயது. வாலாஜாபாத் பக்கத்துப் பெண். வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது.

முதல் நாள் தெருவில் நின்று அவள் பேசியபோது ராஜகோபால் முன்னால் வந்தார். பன்னிரண்டு தறி ஓட்டுகிறவர். தெருவில் எது நடந்தாலும் அவரைக் கேட்டுத்தான் நடக்கும்.

"எந்த ஊரும்மா?"

லில்லி ஊர்ப் பெயரைச் சொன்னாள்.

"ஊருக்குள்ளயா, வெளியிலயா?"

"வெளியிலதாங்க" என்றாள் லில்லி. அவர் முகத்தைப் பார்த்தபடியே சொன்னாள்.

அதற்குப் பிறகு கிணற்றுக் கயிற்றை அவள் கையில் யாரும் கொடுக்கவில்லை. அவள் பவுடரைக் கரைத்துக் கொடுத்தாள். தெருக்காரர் ஒருவர் வாளியில் வாங்கிக் கிணற்றுக்குள் இறக்கிக் கலக்கினார். அவ்வளவுதான். ஆனால் கரைப்பதற்கு முன்னால் லோகாம்பாள் ஒரு கேள்வி கேட்டிருந்தாள்.

"ஏம்மா, இதுல சாயம் போட்டா நிறத்துக்கு ஏதாச்சும் ஆவுமா?"

"ஒண்ணும் ஆவாதும்மா. ஒரு கெடுதலும் கிடையாது. சர்க்குலர்லயே போட்டிருக்குது."

அந்தத் தண்ணீரை ஒரு மணி நேரம் கழித்து இறைத்துத்தான் லோகாம்பாள் ரோஸ் போட்டாள்.

பட்டு ராஜகோபாலுடையது. செய்யாற்றுப் பக்கத்துக் கல்யாண வீட்டுக்காரர்கள் சொல்லிச் செய்கிற புடவை. அவர் சிட்டத்தைக் கையில் வாங்கிப் பிரித்துப் பார்த்தார். கத்தவில்லை. கிணற்றடிக்குப் போய் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"சாயத்துக்கு ஒண்ணும் ஆவாதுன்னு சொன்னா. என்னா ஆச்சு பாருங்க. பட்டையே இப்படித் தின்னுதுன்னா வயித்துக்குள்ள போனா என்னா பண்ணும்?"

சாயங்காலத்துக்குள் அந்தக் கேள்வி வளர்ந்துவிட்டது. குடும்பக் கட்டுப்பாட்டுக்காகச் சுவரெல்லாம் சிவப்பு முக்கோணம் எழுதிக்கொண்டிருந்த காலம். இந்த வெள்ளைப் பவுடரும் அதற்குத்தான், பெண்களுக்குத் தெரியாமல் தண்ணீரில் கலந்து கொடுக்கிறார்கள் என்று பேச்சு வந்தது. முதலில் யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. மறுநாள் லில்லி வந்தபோது கிணற்றைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள்.

"எடுத்துக்கினு போய்டும்மா. இனிமே இந்தக் கிணத்துல எதுவும் போடவேணாம்" என்றார் ராஜகோபால்.

லில்லி பையைத் திறக்காமலே திரும்பிப் போனாள்.

லோகாம்பாளுக்கு ராஜகோபால் மேல் கோபம் இல்லை. லில்லி மேல் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக வேறொன்று மனசை அரித்துக்கொண்டிருந்தது. திட்டுத் திட்டாக ஏன் வந்தது? பவுடர் நிறத்தைத் தின்கிறது என்றால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அல்லவா தின்றிருக்க வேண்டும்? அன்றைக்கு அதே தண்ணீரில் பக்கத்து வீட்டுக் காந்தாவுக்காக அரக்கும் போட்டாள். அது கல் மாதிரி நின்றதே? அதை ஏன் தொடவில்லை?

பவுடர் போட்ட அன்று இறைத்த தண்ணீர் ஒரு மூடி போட்ட செம்பில் மீதி இருந்தது. அந்தச் செம்பையும் கெட்டுப்போன சிட்டத்தையும் எடுத்துக்கொண்டு லில்லியின் ஆபீசுக்கு நடந்தாள்.

லில்லி அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தாள். லோகாம்பாள் சிட்டத்தை மேஜைமேல் வைத்து விரித்தாள்.

"இத்த பாரு. ஒண்ணும் ஆவாதுன்னியே, எத்த வச்சி சொன்ன?"

லில்லி மஞ்சள் ஏறிய இடத்தை விரலால் பிரித்துப் பார்த்தாள்.

"கெடுதல் இல்லேன்னு சர்க்குலர்ல இருந்துது. அது குடிக்கறவங்களுக்கும்மா. சாயத்தப் பத்தி அதுல ஒண்ணும் இல்ல. நானா சேத்துச் சொல்லிட்டேன். எனக்குத் தெரியாது."

"தெரியாதுன்னு அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"தெரியாதுன்னா யாரும் போட விடமாட்டாங்கன்னு பயமா இருந்துது."

"இப்ப மட்டும் விட்டாங்களா?"

லில்லிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தாற்போல வந்தது. லோகாம்பாள் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். செம்பைத் தள்ளினாள்.

"இது அன்னிக்குத் தண்ணி. இதுல அந்தப் பவுடர் எவ்வளவு இருக்குதுன்னு உன்னால கண்டுபுடிக்க முடியுமா?"

முடியும் என்றாள் லில்லி. அலமாரியிலிருந்து ஒரு மரப்பெட்டியை எடுத்தாள். உள்ளே ஆறு வெள்ளைக் கிண்ணங்கள், ஒரு கறுப்புக் கிண்ணம், கண்ணாடிக் குச்சிகள், ஒரு சின்னப் புட்டி. ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் செம்புத் தண்ணீரை ஊற்றி, புட்டியிலிருந்து மூன்று சொட்டு விட்டுக் கலக்கினாள்.

தண்ணீர் நீலமாக மாறியது.

லோகாம்பாள் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டாள். நிறமே இல்லாத தண்ணீரில் நிறமே இல்லாத மருந்தை விட்டால் இப்படி ஒரு நீலம் எங்கிருந்து வரும்? அவுரி நீலமும் அல்ல, கத்திரிப்பூவும் அல்ல. கிண்ணத்தைக் கையில் எடுத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள்.

"புட்டியில என்னா இருக்குது?"

"அயோடின் சேர்ந்த ஒரு உப்பு. அப்பால கஞ்சி."

"கஞ்சியா? தறிப் பாவுக்குப் போடற கஞ்சியா?"

"அதேதாம்மா. தண்ணியில குளோரின் இருந்தா அந்த உப்புலேர்ந்து அயோடின வெளிய இழுக்கும். அது கஞ்சியோட சேர்ந்தா நீலம். குளோரின் இல்லேன்னா எத்தினி சொட்டு விட்டாலும் நீலம் வராது."

லோகாம்பாள் முந்தானையில் ஒட்டியிருந்த ஒரு வெள்ளைப் பட்டு இழையை எடுத்துக் கிண்ணத்தில் முக்கினாள். இழை நீலமானது. காற்றில் ஆட்டிக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் வெளுக்க ஆரம்பித்தது. "நிக்காது" என்றாள், ஒரு சரக்கைத் தள்ளிவைக்கிற மாதிரி. பிறகு மறுபடியும் கிண்ணத்தைப் பார்த்தாள்.

"எப்பவும் இத்தினி அழுத்தமாத்தான் வருமா?"

அப்போதுதான் லில்லியும் சரியாகப் பார்த்தாள். இவ்வளவு அடர்த்தி வரக்கூடாது. லேசான நீலம் வந்தால் போதும். ஒரு நாள் கழிந்த தண்ணீரில் இந்த நீலம் என்றால் அன்றைக்கு எவ்வளவு இருந்திருக்கும்? நோட்டைத் திறந்து அந்தத் தெருக் கிணற்றின் பக்கத்தைத் தேடினாள். அகலம் எழுதியிருந்தது. தண்ணீர் ஆழம் பதினோரு அடி. அதை வைத்துத்தான் எவ்வளவு பவுடர் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

"பதினோரு அடியா? எப்ப அளந்தாங்க?" என்று கேட்டாள் லோகாம்பாள்.

தேதி தை மாதத்தைக் காட்டியது.

"தையில இருக்கும். இப்ப வைகாசி. தண்ணி பாதியா எறங்கிப்போச்சி."

அன்று மதியமே லோகாம்பாள் ஒரு கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றில் விட்டு அளந்தாள். ஆறடிக்கும் கொஞ்சம் குறைவு. வேண்டியதைப்போல இரண்டு பங்கு பவுடர் விழுந்திருந்தது. லில்லி பதினோரு அடியை அடித்துவிட்டு அதை நோட்டில் எழுதினாள்.

"அப்படின்னா சரியான அளவு போட்டா ரோஸ் கெடாதா?" என்றாள் லோகாம்பாள்.

கெடாது என்று சொல்லப்போய் லில்லி நிறுத்திக்கொண்டாள். "தெரியலம்மா. போட்டுப் பாத்தாதான் தெரியும்."

"அப்ப போட்டுப் பாப்போம்."

மறுநாள் லோகாம்பாளின் கொல்லையில் ஆறு பாத்திரங்கள் வரிசையாக நின்றன. ஒன்றில் வெறும் கிணற்றுத் தண்ணீர். ஒன்றில் அன்றைக்கு விழுந்த அதே இரட்டைப் பங்கு. மற்ற நாலிலும் சரியான அளவு. அந்த நாலில் ஒன்றில் முந்தின நாள் சாயங்காலமே பவுடர் கலந்து திறந்து வைத்திருந்தார்கள். ஒன்றில் விடியற்காலை கலந்து வெயிலில் வைத்தார்கள். கடைசி இரண்டிலும், இரட்டைப் பங்கிலும் சாயம் போடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால்தான் கலந்தார்கள். பித்தளை அண்டா ஐந்துதான் இருந்ததால் ஆறாவதற்கு ஒரு மண்பானை.

மத்தியானம் ஒரே அடுப்பில், ஒரே அளவு சாயத்தில், ஆறு சின்னச் சிட்டங்களை லோகாம்பாள் ஒவ்வொன்றாகப் போட்டாள். ஒவ்வொரு தண்ணீரிலும் மூன்று சொட்டு விட்டு லில்லி நீலத்தை எழுதிக்கொண்டாள்.

காய்ந்ததும் லில்லி கிட்டே வந்து பார்க்கப் போனாள். லோகாம்பாள் தடுத்தாள்.

"நீ பாக்கக்கூடாது. நானும் பாக்கக்கூடாது. எது எந்தத் தண்ணின்னு நமக்குத் தெரியும். தெரிஞ்சிக்கினு பாத்தா கண்ணு நமக்கு வேண்டியதத்தான் பாக்கும்."

"அப்ப யாரு பாக்கறது?"

"இந்தத் தெருவுல நிறம் பாக்கத் தெரிஞ்சவரு ஒருத்தருதான். நம்ம ரெண்டு பேரு மேலயும் கோவமா இருக்கறவரு."

பக்கத்து வீட்டுக் காந்தாவைக் கூப்பிட்டு, முதல் பாத்திரத்து நூலுக்கு ஒரு முடிச்சு, இரண்டாவதற்கு இரண்டு என்று அடையாளம் போட்டு, அதை ஒரு துணியால் சுற்றித் தைக்கச் சொன்னார்கள். பிறகு காந்தாவே ஆறையும் ஒரு கூடையில் குலுக்கிப் போட்டாள்.

அதைக் கொண்டுபோவதற்கு முன்னால் வேறொரு செய்தி வந்தது. ராஜகோபாலிடம் தறி நெய்கிற துரைக்கண்ணு, அடுத்த தெருவில் இருப்பவர், விடியற்காலையிலிருந்து வாந்தியும் பேதியுமாகக் கிடந்தாராம்; மதியம் ஆஸ்பத்திரிக்கு வண்டியில் கொண்டுபோயிருக்கிறார்கள். கண் உள்ளே போய்விட்டதாம். கை விரலெல்லாம் சுருங்கிவிட்டதாம்.

தெருவே கிணற்றடியில் கூடிவிட்டது. ராஜகோபால் ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். சட்டையெல்லாம் வியர்வை. லில்லியைப் பார்த்ததும் ஒருத்தர் சத்தம் போட்டார்: "இவ வந்தப்பறந்தான் நோவே வந்துது!"

லில்லி கூட்டத்துக்கு நடுவில் வந்து நின்றாள். லோகாம்பாள் வீட்டிலிருந்து புறப்படும்போது என்னென்னவோ பேச யோசித்து வைத்திருந்தாள். இப்போது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"சாயத்துக்கு ஒண்ணும் ஆவாதுன்னு சொன்னேன். தெரியாம சொன்னேன். அது தப்பு. தையில எடுத்த ஆழத்த வச்சி கணக்குப் போட்டேன். ரெண்டு பங்கு பவுடர் வுழுந்துடுச்சி. அதுவும் தப்பு. ரெண்டும் என்னோடதுதான்."

சர்க்கார் ஆபீசிலிருந்து வந்து யாரும் அவர்களிடம் இப்படிச் சொன்னதில்லை.

"தப்புன்னு நீயே சொல்ற. அப்ப மத்ததையும் எப்படிம்மா நம்பறது?" என்றார் ராஜகோபால். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

லோகாம்பாள் கூடையைக் கொண்டுவந்து கிணற்று மேடையில் வைத்தாள்.

"அவள நம்பவேணாம். என்னையும் நம்பவேணாம். இதுல ஆறு சிட்டம் இருக்குது. எல்லாம் நம்ம கிணத்துத் தண்ணி. ஒண்ணுல பவுடர் கிடையாது. அஞ்சுல இருக்குது. எது எதுன்னு நீங்களே சொல்லுங்க."

அவருக்கு அது பந்தயம் மாதிரி தோன்றியிருக்க வேண்டும். மேல்துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொன்றாக வெயிலில் பிடித்தார், உதறினார், நிழலில் பிடித்தார், இரண்டிரண்டாகச் சேர்த்துப் பார்த்தார். கூட்டம் அவர் கையையே பார்த்தது. சில பெண்கள் மெல்ல முன்னால் வந்து தாங்களும் எட்டிப் பார்த்தார்கள்.

ஒன்றை எடுத்ததுமே தூரப் போட்டார். "இது அன்னிக்கு மாதிரியே. இதுல பவுடர் இருக்குது." இன்னொன்றைக் கொஞ்சம் யோசித்துத் தள்ளி வைத்தார். "இது மங்கல். இதுலயும் இருக்குது." மீதி நாலையும் மடியில் போட்டுக்கொண்டு வெகுநேரம் புரட்டினார். கடைசியில் ஒன்றை எடுத்துக் காட்டினார். "இதுதான் சுத்தம். பவுடர் படாதது."

காந்தா தையலைப் பிரித்தாள். மூணு முடிச்சு. முந்தின நாள் சாயங்காலமே பவுடர் கலந்து வைத்த தண்ணீர்.

ராஜகோபால் முடிச்சைத் தானே ஒருமுறை எண்ணினார். மற்ற மூன்றையும் பிரிக்கச் சொன்னார். பவுடர் படாதது அதில் ஒன்று. விடியற்காலை கலந்து வெயிலில் வைத்தது ஒன்று. மூன்றாவது, ஒரு மணி நேரத்துக்கு முன்னால் கலந்த மண்பானைத் தண்ணீர்.

"ரா முழுக்க வச்சா போயிடுது. வெயில்ல வச்சாலும் போயிடுது" என்றாள் லோகாம்பாள். "அன்னிக்குக் காலையில போட்டு, ஒரு மணி நேரத்துல இறைச்சி, கொதிக்கக் கொதிக்கச் சாயத்துல முக்கினேன். மொதல்ல முங்கின எடத்துலயே பவுடர் தின்னு தீந்துடுச்சி போல, அதான் திட்டு. அரக்குக்குச் சாயம் அதிகம், அதனால தெரியல போல."

"அது செரி. பானையில இருந்தது மட்டும் எப்படி ஒரு மணி நேரத்துல போச்சு?" ராஜகோபால் அந்தச் சிட்டத்தை விடவில்லை. அவர் கேட்டது லில்லியை.

"தெரியலங்க. மண்ணு உறிஞ்சிடுதோ என்னவோ. எழுதிக் கேட்டுச் சொல்றேன்."

அவர் தலையை ஆட்டினார். லோகாம்பாள் பிற்பாடு பலமுறை சொல்லுவாள், அந்தத் 'தெரியல'தான் அவர் முகத்தை மாற்றியது என்று. லில்லி அப்படி நினைக்கவில்லை. அவர் துரைக்கண்ணுவைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்திருந்தார். அதுதான் காரணம் என்பது அவள் எண்ணம்.

சாயக்காரர்கள் மதியத்துக்குள் வேண்டிய தண்ணீரை இறைத்து வைத்துக்கொள்வது, பொழுது சாய்கிற நேரத்தில் பவுடர் போடுவது, போடுவதற்கு முன்னால் தினமும் கயிறு விட்டு அளப்பது என்று அங்கேயே முடிவானது. எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. பிள்ளை பிறக்காமல் செய்கிற மருந்துதான் என்று கடைசிவரை சொன்ன இரண்டு வீடுகள் உண்டு. அவர்கள் வேறு தெருக் கிணற்றுக்குப் போனார்கள். அங்கேயும் அதே பவுடர் போட்டிருந்தார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. லில்லி போய்ச் சொன்னாள். அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

அன்று பொழுது சாயும்போது லில்லி பவுடரைக் கரைத்தாள். வாங்கிக் கலக்க யாராவது வருவார்கள் என்று நின்றாள். லோகாம்பாள் கயிற்றை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

"அளவு உனக்குத்தான தெரியும். நீயே எறக்கு."

பின்னாலிருந்து ஒரு முனகல் எழுந்தது. ஒரு கிழவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார். ராஜகோபால் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். லில்லி வாளியை இறக்கி, மேலும் கீழுமாக இழுத்துக் கலக்கினாள். அந்த வேலையில் அவள் ஒரு கிணற்றின் கயிற்றைத் தன் கையால் பிடித்தது அதுதான் முதல் தடவை.

கெட்டுப்போன ரோஸ் பட்டை லோகாம்பாள் அரக்காக மாற்றிவிட்டாள். கல்யாண வீட்டுக்குப் புதிதாக வேறு பட்டு போட்டாள். அது நிறம் பிசகாமல் வந்தது. துரைக்கண்ணுவுக்குப் பாட்டில் பாட்டிலாகக் குளுக்கோஸ் தண்ணீர் ஏற்றினார்கள். ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தார். எலும்பும் தோலுமாக இருந்தாலும் நடந்து வந்தார்.

லில்லிக்கு ஆபீசில் ஒரு மெமோ வந்தது. பொதுமக்கள் முன்னிலையில் இலாகாவின் தவறு என்று பேசியது ஏன் என்று மேலதிகாரி விளக்கம் கேட்டிருந்தார். அவள் நாலு பக்கம் எழுதி, ஆறு இழைகளையும் காகிதத்தில் ஒட்டி, எந்த இழை எந்தத் தண்ணீர் என்று கீழே குறித்து அனுப்பினாள். பதில் வரவில்லை. ஆனால் அடுத்த மாதச் சர்க்குலரில், சாயம் போடுகிற தெருக்களில் மாலையில் மட்டும் பவுடர் போடவும், ஆழத்தை அன்றன்று அளக்கவும் என்று ஒரு வரி புதிதாக இருந்தது.

கருடசேவை நல்லபடியாக முடிந்தது. அந்தத் தெருவில் ஒருவருக்கும் நோய் வரவில்லை. ஆனி பிறந்து ஒரு வாரம் கழித்து லோகாம்பாள் மறுபடியும் ஆபீசுக்குப் போனாள். இந்தத் தடவை லில்லி அவளுக்காக ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, டீ வரவழைத்தாள்.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள் லோகாம்பாள். "எங்க தெருவுல யாருக்கும் வரலியே, அது பவுடர் போட்டதாலயா? இல்ல, போடாம இருந்தாலும் வந்திருக்காதா?"

லில்லி டீயைக் கீழே வைத்தாள். ஆமாம், பவுடரால்தான் என்று சொல்லத்தான் நாக்கு வந்தது. அப்படிச் சொன்னால் லோகாம்பாள் நம்பியிருப்பாள்.

"பவுடர் அந்தக் கிருமியக் கொல்லும், அது நிச்சயம். ஆனா உங்க தெருவுல வராததுக்கு அதுதான் காரணமான்னு ஒரு தெருவ மட்டும் வச்சி சொல்ல முடியாதும்மா."

லோகாம்பாள் இதை எதிர்பார்க்கவில்லை.

"அப்ப எத்தினி தெரு இருந்தா சொல்லலாம்?"

லில்லி எழுந்துபோய், ஊரின் எல்லாக் கிணறுகளும் எழுதியிருந்த பெரிய நோட்டைக் கொண்டுவந்து இருவருக்கும் நடுவில் வைத்தாள். லோகாம்பாளுக்குப் படிக்க வராது. "மொதத் தெரு எது, படி" என்று ஸ்டூலை மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.